வீட்டு வயரிங்: அந்தக் கையெழுத்து எதற்காக?

போன வைகாசியில் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார். வீட்டு வேலை முடிந்துவிட்டது, பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, இடையில் பத்தே நாள்தான். புது மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வயரிங் சோதனை அறிக்கை வேண்டும். “வயரிங் எல்லாம் நம்ம பையன் ஒருத்தன் பாத்துட்டான் அண்ணாச்சி. அந்த டெஸ்ட் ரிப்போர்ட்ல நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தாப் போதும். இவ்வளவு தூரம் அலையக்கூட வேண்டாம்” என்றார்.

நான் போனேன். கட்டட வேலைக்கென்று வாங்கிய தற்காலிக இணைப்பிலிருந்து வீட்டுக்குள் கரண்டு கொடுத்திருந்தார்கள். கூடத்துச் சுவிட்சைப் போட்டேன், பல்பு எரிந்தது. அணைத்தேன், அணைந்தது. அணைத்தபடியே ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் தெரிகிற இரண்டு முனைகளையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் டெஸ்டர் எரிந்தது.

சுவிட்ச் அணைந்திருக்கிறது; ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கிறது. கரண்டு வருகிற பேஸ் கம்பி நேராக ஹோல்டருக்குப் போய்விட்டது, கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியைச் சுவிட்ச் வழியாக விட்டிருக்கிறார்கள். இது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. போட்டால் எரியும், அணைத்தால் அணையும், வருஷக்கணக்கில் ஒரு புகாரும் வராது. ஒருநாள் பல்பு பீஸ் போகும். வீட்டில் யாராவது ஒருவர், சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில், ஹோல்டருக்குள் விரலை விடுவார். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்த வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு.

அந்த ஒரு கையெழுத்து எதற்காக, அதைப் போடும் தகுதி யாருக்கு, அது எதை உறுதி சொல்கிறது என்பதை வயரிங் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரியும்படி எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

சட்டம் கேட்கும் மூன்று பேர்

வீட்டு மின்வேலையை யார் செய்யலாம் என்பதற்கு இந்தியா முழுவதற்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் அது 45-ஆவது விதி. மின்சாரச் சட்டம் 2003-இல் வந்தபிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இடம்பெற்றது. 2023-இல் அந்த ஒழுங்குமுறைகளைப் புதிதாக எழுதியபோதும் அதன் சாரம் மாறவில்லை. புது வயரிங், கூடுதல் பாயின்ட், மாற்றம், பழுது எதுவானாலும் மாநில அரசின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரின் நேரடிப் பார்வையில், அனுமதி பெற்ற தொழிலாளியின் கையால் நடக்க வேண்டும்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலை ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்குகிறவர் ஒருவர். உப்பு புளி பார்த்து, இறக்கலாமா வேண்டாமா என்று சொல்கிற மூத்த தவசிப்பிள்ளை ஒருவர். அடுப்படியில் நின்று கரண்டி பிடிக்கிறவர்கள் சிலர். சின்னக் கல்யாணமானால் மூன்று பொறுப்பையும் ஒரே ஆள் சுமக்கலாம். ஆனால் பொறுப்புகள் மூன்றுதான். வயரிங்கிலும் அப்படியே. பணத்துக்கும் மொத்த வேலைக்கும் பொறுப்பு கான்ட்ராக்டர். சரியா தப்பா என்று பார்த்துச் சொல்வது மேற்பார்வையாளர். கட்டிங் பிளேயர் பிடிக்கிற கை வயர்மேன்.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களைத் தருவது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். தொழிலில் இருப்பவர்கள் எழுத்தைச் சொல்லித்தான் பேசுவார்கள். ‘எச்’ என்றால் மின்கம்பியாள் உதவியாளர். ‘பி’ (B) என்றால் மின்கம்பியாளர், அதாவது வயர்மேன். ‘சி’ என்றால் மேற்பார்வையாளர். மின்பொறியியலில் டிப்ளமோவோ பட்டமோ படித்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள். என் பையில் இருப்பது ‘சி’. கான்ட்ராக்டர் உரிமம் தனி, அதிலும் பல தரம் உண்டு. வீடு கட்டுகிறவர் அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வந்திருக்கிற ஆளின் சான்றிதழில் என்ன எழுத்து இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்று இரண்டையும் பார்த்தாலே போதும். புகைப்படத்தோடு சின்னப் புத்தகமாகவோ அட்டையாகவோ இருக்கும். காட்டுங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

நீங்களே செய்துகொள்ளக்கூடியது

அப்படியானால் பல்பு மாற்றக்கூட லைசென்ஸ் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதே விதியிலேயே விலக்கு இருக்கிறது. பல்பு, மின்விசிறி, பீஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு உபயோகச் சாதனங்கள் ஆகியவற்றை அவை இருந்த இடத்திலேயே மாற்றிப் போடலாம். ஒரே நிபந்தனை, அந்த மாற்றத்தால் வயரிங்கின் கொள்ளளவோ தன்மையோ மாறிவிடக் கூடாது.

‘கொள்ளளவும் தன்மையும்’ என்பதுதான் இதில் உயிரான சொல். பழைய சுவிட்ச் உடைந்துவிட்டது, அதே அளவில் புதுச் சுவிட்ச் போடுகிறீர்கள், எதுவும் மாறவில்லை. பழைய விசிறியை இறக்கிப் புது விசிறி மாட்டுகிறீர்கள், எதுவும் மாறவில்லை. ஆனால் குளியலறை விளக்குக்குப் போகும் லைனில் ஒரு பிளக் பாயின்ட் எடுத்து, அதில் 2,000 வாட் கீசரை மாட்டினால் எல்லாமே மாறிவிடும். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். விளக்கு லைனுக்கு வழக்கமாக இழுப்பது 1 சதுர மில்லிமீட்டர் கம்பி. ஒரு லைனில் விளக்கும் விசிறியுமாகப் பத்துப் பாயின்ட்டுக்குள், 800 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு இழுத்த கம்பி அது. அந்தக் கணக்குச் சுமையை இரண்டு மடங்குக்கும் மேலே ஏற்றிவிட்டீர்கள். கம்பி உடனே எரியாது. சுவருக்குள் பைப்பில் கிடந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகும், மேலுறை இறுகும், வெடிக்கும். கீசருக்கும் ஏ.சி.க்கும் போர்டிலிருந்து தனி லைன், 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, அதற்கேற்ற எம்.சி.பி. (சுமை மீறினால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்). இதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் இன்னொரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை ஈ.பி.யின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு கம்பிக்கும் பொறுப்பு வீட்டுக்காரர்தான். 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடமானால் மின் ஆய்வாளர் வந்து பார்ப்பார். நம் ஊர்த் தனி வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்து சுவருக்குள் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கைக்கு இத்தனை கனம். உங்கள் வீட்டு வயரிங்கைத் தகுதியுள்ள ஒருவர் பார்த்தார் என்பதற்கு அந்தத் தாள் ஒன்றே சாட்சி. வீட்டுக்கு வராமலே அதில் கையெழுத்து வாங்கினால், பார்க்க வேண்டிய ஒரே ஜோடிக் கண்களையும் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்கள்.

அறிக்கையில் இருக்கும் எண்கள்

சோதனை என்றால் சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். விளக்கு எரிவது கடைசி விஷயம். முதலில் கரண்டே இல்லாமல்தான் வேலை தொடங்கும்.

ஒவ்வொரு சுவிட்சும் பேஸில்தான் இருக்கிறதா, பிளக் பாயின்ட்டில் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே எர்த் என்று வந்திருக்கிறதா, கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் அந்த எர்த் கம்பி ஒவ்வொரு பாயின்ட் வரைக்கும் அறுபடாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கூடல் வீட்டில் நான் பார்த்த கோளாறு இந்த முதல் படியிலேயே சிக்கிவிடும். அங்கே நடந்தது என்னவென்றால், பையனிடம் மிச்சம் கிடந்த சிவப்புக் கம்பிச் சுருளையே எல்லாவற்றுக்கும் இழுத்திருந்தான். பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று பிரித்து இழுத்திருந்தால் அவனுக்கே தப்பு தெரிந்திருக்கும். பார்க்கப் போனால் நானூறோ ஐந்நூறோ மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

அடுத்தது மெக்கர் சோதனை. மெக்கர் என்பது கம்பியின் மேலுறை எவ்வளவு நன்றாகத் தடுக்கிறது என்று அளக்கும் கருவி. பழைய மெக்கரில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், இப்போது பொத்தானை அழுத்தினால் போதும். மெயினை அணைத்து, பல்பு, விசிறி, மிஷின் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் பார்ப்போம். குறைந்தது 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் காட்ட வேண்டும். நல்ல புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

இந்தச் சோதனையின் அருமையை நம் மாவட்டம் 2023 டிசம்பரில் கற்றுக்கொண்டது. 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஏறி வந்து ஜங்ஷன் பகுதியும் ஆற்றோரத் தெருக்களும் முங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் வண்ணார்பேட்டை பக்கம் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. பிளக் பாயின்ட் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. வெளிப்பக்கம் துடைத்துக் காயவைத்திருந்தார்கள். அந்த அக்கா, “தெருவுல எல்லா வீட்டுலயும் கரண்டு வந்துட்டு தம்பி, நாமளும் மெயினைப் போட்டுருவமா?” என்று கேட்டார். பிள்ளைகள் மூன்று நாளாக இருட்டில் இருக்கிறார்கள், அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. மெக்கர் வைத்தேன். முள் அசையவே மறுத்துப் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. ஒரு பிளக் பாக்ஸைத் திறந்தேன், உள்ளே இரண்டு விரற்கடை வண்டல். பைப்புக்குள் ஈரம் அப்படியே இருந்தது. மெயினைப் போட்டிருந்தால் அந்த ஈரச் சுவரெல்லாம் கரண்டுக்கு வழியாகியிருக்கும்.

கீழ் லைன்களை முழுக்கத் துண்டித்துவிட்டு, மேலே சீலிங் வழியாகப் போகும் விளக்கு லைனை மட்டும் தனியாகப் பிரித்து மெக்கர் பார்த்து, அது தேறியபிறகு அதை மட்டும் ஏற்றிக் கொடுத்தோம். அன்றிரவு விளக்கும் விசிறியும் ஓடின. கீழ்ப்பகுதிக் கம்பியைப் பிறகு உருவி எடுத்துப் புதிதாக இழுத்தார்கள். எண்ணைப் பார்த்து முடிவு எடுப்பது என்றால் இதுதான். கையால் தொட்டுக் காய்ந்துவிட்டதென்று சொல்வதற்கும் மெக்கர் பார்த்துச் சொல்வதற்கும் நடுவில் ஒரு உயிரே தொங்குகிறது.

மண்ணுக்கு மண் எர்த் மாறும்

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் சீமையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது அதுதான்.

பிரிட்ஜுக்குள் கம்பி உரசி அதன் இரும்பு உடம்பில் கரண்டு ஏறிவிட்டது என்று வையுங்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கரண்டு பெருவெள்ளம்போல எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு ஓடும், அந்த வேகத்தில் எம்.சி.பி. விழுந்துவிடும். எர்த் மோசமாக இருந்தால்? கணக்குப் போட்டே பார்க்கலாம். எர்த்தின் தடை 50 ஓம் என்றால், 230-ஐ 50-ஆல் வகுக்க 4.6 ஆம்பியர்தான் ஓடும். உங்கள் போர்டில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை, விழாது. பிரிட்ஜின் உடம்பில் கரண்டு நின்றுகொண்டே இருக்கும். கதவைத் திறக்க வருகிற கைக்காகக் காத்திருக்கும்.

எர்த் குழியின் தடை மண்ணைப் பொறுத்தது, மண்ணில் உள்ள ஈரத்தைப் பொறுத்தது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் வாய்க்காலும் வயலும் சூழ்ந்த வீட்டில் ஒரு இரும்புக் குழாயைச் சரியாக இறக்கினால் 5 ஓமுக்குள் சுலபமாக வந்துவிடும். அதே குழாயை அதே ஆள் திசையன்விளை, நவ்வலடி பக்கத் தேரி மணலில் இறக்கினால் பத்து மடங்கு காட்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. மானூர்ப் பக்கக் கரிசல் ஐப்பசி மழையில் அருமையாக இருக்கும், சித்திரை வெயிலில் வெடித்துக் குழாயை விட்டு விலகி நிற்கும். பாளையங்கோட்டையில் சில தெருக்களில் நாலடி தோண்டினால் பாறை.

அதனால் எர்த்தை அளக்காமல், குழி தோண்டினோம், கரியும் உப்பும் போட்டோம் என்று சொல்வது சோதனை ஆகாது. அளந்து, போதவில்லை என்றால் இரண்டாவது குழி, இன்னும் ஆழம், கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு புனல் என்று வழி பார்க்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றி வைப்பதை இன்றும் சில ஊர்களில் பார்க்கிறேன். முன்பு இரும்புக் குழாய் இருந்த காலத்து வழக்கம் அது. இப்போது மண்ணுக்குள் போவது பிளாஸ்டிக் குழாய். கம்பி சுற்றிய குழாய் மண்ணைத் தொடவே இல்லை.

மண் எப்படி இருந்தாலும் காப்பாற்றுகிற ஒன்று ஆர்.சி.சி.பி. உள்ளே போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், ஒரு மனித உடம்பு வழியாகப் போனால்கூட, கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு 40 வாட் பல்பு எடுக்கும் கரண்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், “எங்க வீட்டுல தான் டிரிப்பர் இருக்கே” என்று பலர் ஏமாந்துவிடுகிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஆர்.சி.சி.பி.யில் ‘T’ என்று ஆங்கில எழுத்துப் போட்ட சின்னச் சோதனைப் பொத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் புது இணைப்புக்கு இப்போது இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பழைய வீடுகளுக்குத்தான் இது இன்னும் அவசரத் தேவை, அங்கே கம்பியும் பழையது.

காட்டுப்பன்றிக்குப் பயந்து களக்காட்டு மலையடிவாரத் தோட்டங்களில் வீட்டு லைனிலிருந்து வேலிக்குக் கரண்டு கொடுப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த லைசென்ஸ் உள்ளவரும் அதைச் செய்ய முடியாது. அது குற்றம், அதில் தோட்டக்காரர் வீட்டு ஆளே செத்துப்போவதும் உண்டு.

சான்றிதழும் கைத்திறமையும்

என் அக்கா மகன் இங்கிலாந்தில் வீடு வாங்கியிருக்கிறான். சமையலறைக்குப் புது லைன் ஒன்று இழுத்தான். அங்கே 2005 ஜனவரி முதல் வீட்டு மின்வேலையைக் கட்டட விதிகளின் ‘பி’ (P) பகுதி என்று ஒன்று கட்டுப்படுத்துகிறது. புதிதாக ஒரு சர்க்யூட் இழுப்பது, மெயின் போர்டை மாற்றுவது, குளிக்கும் தொட்டிக்கும் ஷவருக்கும் பக்கத்தில் வேலை செய்வது போன்றவற்றை உள்ளாட்சியின் கட்டடப் பிரிவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பதிவு பெற்ற எலக்ட்ரீசியன் செய்தால் அவரே சோதித்து, அவரே சான்றளித்து, தெரிவிக்கும் வேலையையும் முடித்துவிடுவார். வேலை முடிந்து சில நாளில் சான்றிதழ் வீட்டுக்குத் தபாலில் வந்துவிட்டதாம். வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் அந்தத் தாளைக் கேட்பார் என்று சொன்னான். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிச் சங்கதிதான். நம் ஊரில் வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் கேட்கிறோம். வயரிங் சோதனை அறிக்கையின் நகலைக் கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

நம் விதியிலும் குறை எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும் என்றுகூட 2010 ஒழுங்குமுறைகள் சொல்லின. விதிக்கும் நடப்புக்கும் நடுவில்தான் பள்ளம். வேலை செய்கிற கையிடம் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் வைத்திருப்பவர் வேலையிடத்துக்கு வருவதில்லை. ‘நேரடிப் பார்வையில்’ என்று விதியில் இருக்கிற சொல் அந்த இரண்டையும் இணைப்பதற்காகத்தான் இருக்கிறது.

இதில் லைசென்ஸ் இல்லாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சுத்தமல்லியில் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். பைப்புக்குள் கம்பி தள்ளுவதில் அவருக்கு நிகர் நான் பார்த்ததில்லை. ஜாயின்ட் அடித்தால் இழுத்தாலும் வராது. எழுதப் படிக்கச் சிரமப்படுவார் என்பதால் பரீட்சை என்ற சொல்லைக் கேட்டே ஒதுங்கியிருந்தார். இவர்போன்றவர்களுக்காகவே ஒரு கதவு திறந்திருப்பது பலருக்குத் தெரியாது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு ஐ.டி.ஐ.க்களில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயரிங் தொழிலில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வரும்போது பேட்டை ஐ.டி.ஐ.யில் போய்க் கேட்டால் விண்ணப்பம் கிடைக்கும். அதில் தேறினால் ‘எச்’, அங்கிருந்து அனுபவம் கூட்டி ‘பி’. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன், வயர்மேன் பிரிவு படித்தவர்களுக்கு அந்தப் படிப்பே வழி.

சான்றிதழ் வாங்கினால் கை புதிதாகத் திறமை பெற்றுவிடுமா என்று அந்தச் சுத்தமல்லிக்காரர் கேட்டார். பெறாதுதான். ஆனால் அவர் முப்பது வருஷமாகச் செய்ததில் ஒன்றே ஒன்றை அளந்ததில்லை. கம்பி இழுத்தார், எர்த் குழி வெட்டினார், மெக்கரைத் தொட்டதே இல்லை. கையில் இருக்கிற திறமையும், அது சரியாக வந்திருக்கிறதா என்று அளக்கிற பழக்கமும் சேர்ந்தால்தான் அதைத் தகுதி என்று சொல்ல முடியும்.

வீடு கட்டுகிறவர்கள் வேலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்: அறிக்கையில் யார் கையெழுத்து, அவர் எந்த நாளில் வீட்டுக்கு வருவார், மெக்கரும் எர்த் டெஸ்டரும் கொண்டுவருவாரா. சுவர் பூசுவதற்கு முன் ஒருதரம், எல்லாம் முடிந்தபின் ஒருதரம் அவர் வந்தாக வேண்டும். பூசுவதற்கு முன் பைப் போன வழியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும். அறிக்கையில் ‘நன்று’, ‘சரி’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். மெகா ஓம் எத்தனை, ஓம் எத்தனை என்று எண் இருக்க வேண்டும். நகல் ஒன்று பத்திரத்தோடு பீரோவில் இருக்கட்டும்.

முக்கூடல் வீட்டில் அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. பையனைக் கூப்பிட்டு, டெஸ்டரை அவன் கையில் கொடுத்து, ஹோல்டரை அவனையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். டெஸ்டர் விளக்கு எரிந்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நாலு நாள் நான் கூட இருந்தேன். சுவரை உடைக்கவில்லை. பைப் சரியாகத்தான் போட்டிருந்தான், அதனால் கம்பியை மட்டும் உருவிவிட்டு மூன்று நிறத்தில் புதிதாக இழுத்தான். ஐந்தாம் நாள் மெக்கரை அவனே பிடித்தான். 80 மெகா ஓம். எர்த் 3.5 ஓம். ஆற்றங்கரை மண். ஆர்.சி.சி.பி. பொத்தானை வீட்டுக்காரரின் அம்மாவை அழுத்தச் சொன்னோம். டக்கென்று விழுந்து வீடு முழுக்க விசிறி நின்றதும் ஆச்சி பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். மாசம் ஒருநாள் இதேபோல அழுத்திப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். “வெள்ளி செவ்வாய் பாக்கணுமா?” என்று கேட்டார். எந்த நாளானாலும் சரி என்றேன்.

பிறகு கையெழுத்துப் போட்டேன். பையன் என் பையில் இருந்த சான்றிதழை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ‘எச்’ தேர்வு பற்றிச் சொன்னேன். எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறாய் என்று கேட்டதற்கு விரல் விட்டு எண்ணி, “ஒம்பது வருஷம் ஆச்சு அண்ணாச்சி” என்றான்.